"உம்முடைய இறைவனால் முடியுமா?": ஹவாரிய்யூன்கள் கேட்ட கேள்வி

தேடல்பாதை:

குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தைப் பொருளோடு ஓதி வருகிறேன். 112ஆம் வசனத்துக்கு வந்த பிறகு மூன்று நாளாக நகர முடியவில்லை. ஈஸா நபியிடம் (அலை), கிறிஸ்தவர்கள் இயேசு என்பவரிடம், அவருடைய ஹவாரிய்யூன்கள், அதாவது சீடர்கள், கேட்கிறார்கள்: "வானத்திலிருந்து எங்களுக்கு ஓர் உணவுத் தட்டை இறக்கிவைக்க உம்முடைய இறைவனால் முடியுமா?"

முடியுமா என்று கேட்கிறார்கள். அதிலும் "எங்கள் இறைவன்" என்று சொல்லவில்லை, "உம்முடைய இறைவன்". இதற்கு முந்தைய வசனத்தில்தான் "நாங்கள் நம்பிக்கை கொண்டோம், நாங்கள் முஸ்லிம்கள் என்பதற்கு நீரே சாட்சி" என்றார்கள். ஆலு இம்ரான் அத்தியாயம் 52இல் "நாங்கள் அல்லாஹ்வின் உதவியாளர்கள்" என்று முன்வந்தவர்களும் இவர்களே. ஸஃப்பு அத்தியாயத்தின் கடைசி வசனம் நம்மைப் பார்த்து, அவர்களைப் போல் அல்லாஹ்வின் உதவியாளர்களாக ஆகிவிடுங்கள் என்கிறது. முன்மாதிரியாக நிறுத்தப்படுபவர்கள் இப்படி ஏன் கேட்க வேண்டும்? "அல்லாஹ்வைக் கண்ணெதிரே காட்டினால்தான் நம்புவோம்" என்று மூஸா நபியிடம் அடம்பிடித்தவர்களின் பேச்சு போலல்லவா இருக்கிறது?

அரபு அறிந்தவர்கள் விளக்குங்கள். இவர்கள் யார், எத்தனை பேர் என்பது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்றும் தெரிந்தால் நல்லது.

பச்சைத்தோரணம்:

பன்னிரண்டு பேர், சகோதரரே. பெயர்கள் குர்ஆனிலேயே இருக்கின்றன. யாஸீன் அத்தியாயத்தைப் பாருங்கள்.

கூஃபா_எழுத்து:

இல்லை சகோதரரே, அவசரப்பட்டுவிட்டீர்கள். குர்ஆன் முழுவதிலும் அந்தச் சொல் ஐந்தே முறை வருகிறது: ஆலு இம்ரான் 52, மாயிதா 111, 112, ஸஃப்பு 14இல் இரண்டு முறை. எங்கும் அவர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள், கூட்டமாகத்தான் பேசுகிறார்கள். ஒருவருடைய பெயரும் இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணும் இல்லை. யாஸீனில் வரும் மூன்று தூதர்களுக்கும் அங்கே பெயர் இல்லை. அது தனி வழக்கு, பிறகு வருகிறேன்.

கேள்விக்கு வருவோம். நம் கையிலிருக்கும் ஓதல்முறையில் 'ஹல் யஸ்ததீஉ ரப்புக' என்று இருக்கிறது. ஏழு ஓதல்முறைகளில் ஒன்றான கிஸாயீயின் ஓதலில் அது 'ஹல் தஸ்ததீஉ ரப்பக'. ஓர் எழுத்தும் ஓர் உயிர்க்குறியும் மாறுகின்றன, கேள்வி அப்படியே ஆள் மாறிவிடுகிறது: "உம்முடைய இறைவனிடம் கேட்க உம்மால் முடியுமா?" நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் (ரலி) இப்படி ஓதியதாக அறிவிப்பு உண்டு. இறைவனால் முடியுமா என்று கேட்கும் அளவுக்கு ஹவாரிய்யூன்கள் அறியாதவர்கள் அல்லர் என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னதாகவும் பழைய குர்ஆன் விரிவுரையாளர் தபரீ பதிந்திருக்கிறார். ஆக, உங்களை மூன்று நாள் உட்காரவைத்த நெருடல் முதல் தலைமுறைக்கே இருந்திருக்கிறது.

பரவலான ஓதலை வைத்துக்கொண்டே சமாதானம் சொன்னவர்களும் உண்டு. "என்னோடு எழுந்து வர முடியுமா" என்று அரபியர் கேட்டால் காலில் பலம் இருக்கிறதா என்ற விசாரணை அல்ல அது. வருவீர்களா என்ற வேண்டுகோள். தமிழிலும் அப்படித்தானே? "கொஞ்சம் கதவைச் சாத்த முடியுமா" என்றால் யாரும் தன் கையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதில்லை.

ஆனால் எல்லாரும் இதற்குத் தலையாட்டவில்லை. இன்னொரு விரிவுரையாளர் ஸமக்ஷரீ கறாராகச் சொல்கிறார்: இவர்கள் நம்பிக்கையாளர்கள் என்று இறைவன் இங்கே சான்றிதழ் தரவில்லை, "நம்பினோம்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டதைத்தான் எடுத்துச் சொல்கிறான். "நீங்கள் நம்பிக்கையாளர்களாக இருந்தால் அல்லாஹ்வை அஞ்சுங்கள்" என்ற ஈஸா நபியின் பதிலில் இருக்கும் சூட்டைப் பாருங்கள் என்கிறார். ஆயிஷாவின் கூற்றைப் பதிந்த தபரீயும் கடைசியில் அந்தப் பக்கம் சாயவில்லை. அவர்களுடைய பேச்சு இறைவனுக்குப் பிடிக்கவில்லை, பாவமன்னிப்புக் கோரச் சொல்லப்பட்டது என்பதே அவருடைய முடிவு.

தேடல்பாதை:

கதவு உதாரணம் அழகாக இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தில் அவர்களே காரணம் சொல்கிறார்களே: எங்கள் உள்ளங்கள் அமைதி பெற வேண்டும், நீர் எங்களிடம் உண்மையே சொன்னீர் என்று நாங்கள் அறிய வேண்டும். கதவைச் சாத்தச் சொல்பவர் இப்படிப் பேசமாட்டாரே.

கூஃபா_எழுத்து:

பேசமாட்டார்தான். ஆனால் இப்ராஹீம் நபி பேசினார். "இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு" என்று கேட்டு, "நீ நம்பவில்லையா" என்றதற்கு, "நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காக" என்றார் (2:260). 'அமைதி பெற' என்பதற்கு இரண்டு இடத்திலும் அரபியில் ஒரே வினைச்சொல். நான் பாதி மனத்தோடு ஆயிஷா (ரலி) பக்கம் நிற்பது இந்த ஒரு சொல்லால்தான்.

கலிலேயாக்கரை:

நான் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. சங்கீதம் 78:19ஐப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனுக்கு விரோதமாகப் பேசியதை அது சொல்கிறது: தேவன் வனாந்தரத்திலே போஜனபந்தியை ஆயத்தப்படுத்தக்கூடுமோ என்று கேட்டார்கள். 'கூடுமோ' என்ற அதே கேள்வி, அதே பந்தி. அங்கே அது கலகக்காரர்களின் வாயில் வருகிறது, உங்களிடம் சீடர்களின் வாயில்.

யோவான் 6ஆம் அதிகாரத்திலும் ஜனங்கள் இயேசுவிடம் அடையாளம் கேட்கிறார்கள், வானத்து அப்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அங்கே கேட்பது திரண்டு வந்த கூட்டம், சீடர்கள் அல்லர். வானத்திலிருந்து நேராகவே ஒன்று இறங்கி வருவது அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு காணும் தரிசனத்தில்: நாலு முனையும் கட்டிய பெரிய துப்பட்டி போன்ற ஒன்று. எங்கள் மரபில் மூன்று இடத்தில் கிடப்பது உங்கள் நான்கு வசனங்களில் ஒரே தட்டில் வந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

நூலகப்பூனை:

அக்கா சொன்ன பந்திக்கு ஒரு துணைச் செய்தி. 'மாயிதா', 'ஹவாரீ' இரண்டுமே எத்தியோப்பியத் திருச்சபையின் பழைய மொழியான கீஸிலிருந்து அரபிக்கு வந்தவை என்று நோல்டகே போன்ற ஐரோப்பிய மொழியறிஞர்கள் கருதினார்கள். கீஸில் 'ஹவார்யா' என்றால் அனுப்பப்பட்டவர், அப்போஸ்தலர். 'மாஎத்' என்றால் மேசை. கிபி 615 வாக்கில் மக்காவிலிருந்து முதல் அகதிகள் போய்ச் சேர்ந்ததும் அபிசீனியாவில்தான். சொல் வந்த வழி இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. செங்கடல் அகலம் குறைந்த கடல் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் மொழிபெயர்ப்புகளையும் பாருங்கள். சிலவற்றில் 'உணவுத் தட்டு', சிலவற்றில் 'உணவு மரவை'. மரவை என்றால் மரப் பாத்திரம். எனக்கு மரவைதான் பிடித்திருக்கிறது. தட்டு என்றவுடன் ஒருவர் சாப்பிடுவதுதான் கண்ணுக்கு வருகிறது; மாயிதா ஒரு கூட்டமே சுற்றி உட்காருகிற அளவு.

கூஃபா_எழுத்து:

அரபு அகராதிக்காரர்கள் அபிசீனியாவுக்குப் போகவில்லை. 'ஹ-வ-ர' என்ற வேரில் வெண்மை இருக்கிறது. வெள்ளை மாவுக்கு 'ஹுவ்வாரா' என்பார்கள். சொர்க்கத்து 'ஹூர்' என்ற சொல்லும் இந்த வேரில் வந்ததே. அதனால் ஹவாரிய்யூன்கள் வெள்ளாடை அணிந்தவர்கள் என்றனர் சிலர், துணி வெளுப்பவர்கள் என்றனர் சிலர், உள்ளம் வெளுத்தவர்கள் என்றனர் வேறு சிலர். மீனவர்கள் என்ற அறிவிப்பும் இருக்கிறது. தபரீ எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ஆடையின் வெண்மையும் வெளுக்கும் தொழிலும்தான் பொருத்தம் என்று முடிக்கிறார்.

சாயக்காரர் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மர்யம் (அலை) தம் மகனை ஒரு சாயக்காரரிடம் தொழில் பழக விடுகிறார். முதலாளி வெளியூர் புறப்படும்போது துணிகளைக் காட்டி, இது இன்ன நிறம், அது இன்ன நிறம் என்று அடையாளம் சொல்லிவிட்டுப் போகிறார். ஈஸா எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் போட்டுவிடுகிறார். திரும்பி வந்த முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, ஊரார் துணியெல்லாம் பாழாயிற்றே என்கிறார். "வந்து பாருங்கள்" என்று ஈஸா ஒவ்வொன்றாக எடுக்கிறார்: ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, சொன்னது சொன்னபடி. பார்த்துக்கொண்டிருந்த சாயக்காரர்களே முதல் ஹவாரிய்யூன்கள் ஆனார்கள் என்று ஸஃலபீ எழுதிய நபிமார் வரலாற்றில் முடிகிறது கதை. வெளுப்பவர்களைப் பற்றிய சொல்லுக்குச் சாயம் போடுகிறவர்களின் கதை!

மலர்ச்சுனை:

ஷீஆ மரபிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஹவாரிய்யூன் என்ற பெயர் ஏன் வந்தது என்று எங்கள் எட்டாம் இமாமான ரிழா (அலை) அவர்களிடம் கேட்டபோது, துணி வெளுக்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்று மக்கள் சொல்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை, தாங்களும் தூய்மையாக இருந்து மற்றவர்களையும் பாவ அழுக்கிலிருந்து தூய்மையாக்கியதால் வந்த பெயர் என்றார்கள். வெளுக்கும் தொழிலை மறுக்கவில்லை, அதை வேறு துணிக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்களிடம் ஷம்ஊன் ஸஃபாவுக்குத் தனி இடம் உண்டு. நீங்கள் பேதுரு என்பவர், அக்கா. ஒவ்வொரு நபிக்கும் ஒரு வாரிசு உண்டு. ஈஸா நபியின் வாரிசு அவர். பன்னிரண்டாம் இமாமின் தாயார் நர்ஜிஸ் அவருடைய வழித்தோன்றல் என்றும் அறிவிப்பு இருக்கிறது.

குலைனீ தொகுத்த எங்கள் ஹதீஸ் நூலான அல்காஃபியில் அறிவைப் பற்றிய பகுதியில் ஒரு காட்சி. ஈஸா ஹவாரிய்யூன்களிடம், "உங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது, நிறைவேற்றுங்கள்" என்கிறார். "நிறைவேறிவிட்டது, ரூஹுல்லாஹ் (அல்லாஹ்வின் ஆவியே)" என்கிறார்கள். உடனே எழுந்து அவர்களுடைய கால்களைக் கழுவுகிறார். "இதைச் செய்ய நாங்கள் அல்லவா கடமைப்பட்டவர்கள்" என்று பதறுகிறார்கள். மக்களுக்குப் பணி செய்ய எல்லாரையும்விடக் கடமைப்பட்டவன் அறிஞன்தான் என்கிறார். பிறகு: பணிவில்தான் ஞானம் வளரும், பயிர் முளைப்பது சமவெளியில், மலையில் அல்ல.

கலிலேயாக்கரை:

கால் கழுவியது யோவான் 13! அதை உங்கள் நூலில் இத்தனை நெருக்கமாகக் காண்பேன் என்று நினைக்கவில்லை. எங்களுடையதில் பேதுரு முதலில் மறுப்பார். பயிரும் மலையும் எங்களிடம் இல்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

கூஃபா_எழுத்து:

இதற்கு ஸுன்னி தஃப்சீரிலும் (குர்ஆன் விரிவுரையிலும்) ஓர் உடன்பிறப்பு இருக்கிறது, கொஞ்சம் முகம் மாறி. வஹ்ப் இப்னு முனப்பிஹ் வழியாகத் தபரீ பதிந்தது. உயர்த்தப்படுவதற்கு முந்தைய இரவில் ஈஸா ஹவாரிய்யூன்களை அழைத்து உணவு பரிமாறுகிறார். சாப்பிட்டு முடித்ததும் தாமே அவர்களுடைய கைகளைக் கழுவி, தம் ஆடையால் துடைத்துவிடுகிறார். அவர்கள் கூசுகிறார்கள். "இன்றிரவு நான் செய்வதில் எதையேனும் மறுப்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர்" என்கிறார். பிறகு, சேவல் கூவுமுன் ஒருவர் என்னை மூன்று முறை மறுப்பார், இன்னொருவர் சில திர்ஹம்களுக்கு என்னை விற்பார் என்று சொல்கிறார்.

அங்கே கால், இங்கே கை. சாப்பிட்ட கையைக் கழுவிவிடுவது வஹ்புக்கு இன்னும் இயல்பாகப் பட்டதோ என்னவோ. அந்த ஆடையால் துடைத்த விவரம் மட்டும் எனக்கு மறப்பதே இல்லை.

பச்சைத்தோரணம்:

யாஸீன் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ப் பட்டியலுக்கு பர்னபாவின் சுவிசேஷம் இருக்கிறதே? அவரும் ஹவாரிய்யூன்களில் ஒருவர். அதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. சர்ச் மறைத்துவிட்டது.

நூலகப்பூனை:

அந்த நூலின் இத்தாலியச் சுவடி வியன்னாவில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுதப்பட்டதாகக் கணிக்கிறார்கள். அதன் பன்னிருவர் பட்டியலில் தோமாவும் செலோத்தே எனப்படும் சீமோனும் காணாமல் போய், பர்னபா உள்ளே வந்திருக்கிறார். இயேசு படகேறி நாசரேத்துக்குப் போகிறார் அதில். நாசரேத் மலைமேல் இருக்கிற ஊர். அங்கே எந்தக் கரையில் படகு ஒதுங்கும்? யூபிலி ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்றும் இருக்கிறது. மோசேயின் சட்டத்தில் அது ஐம்பது. நூறு என்று வைத்தவர் 1300இல் இருந்த ஒரு போப்பாண்டவர்.

பச்சைத்தோரணம்:

அப்படியானால் நம் அறிஞர்கள் ஏன் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்?

கூஃபா_எழுத்து:

1908இல் சீர்திருத்த அறிஞர் ரஷீத் ரிழா கெய்ரோவில் அரபு மொழிபெயர்ப்பை வெளியிட்ட பிறகு வந்த வழக்கம் அது. தபரீக்கோ, அவருக்குப் பின்வந்த விரிவுரையாளர் இப்னு கஸீருக்கோ அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது. விவாத மேடைக்கு வேண்டுமானால் உதவும், சகோதரரே; ஹவாரிய்யூன்களைப் பற்றி இஸ்லாமிய மரபு என்ன சொன்னது என்பதற்கு உதவாது. ஆயிரம் ஆண்டு மரபை ஒரு பிற்காலச் சுவடியை நம்பி நிறுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நெறியாளர்:

பர்னபா சுவிசேஷத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஹவாரிய்யூன்களோடு நிற்போம்.

தேடல்பாதை:

சரி, பெயர்கள் நம் மரபில் எங்கேதான் இருக்கின்றன?

கூஃபா_எழுத்து:

இப்னு இஸ்ஹாக் தொகுத்து, இப்னு ஹிஷாம் திருத்திய நபி வரலாற்றில். அது வரும் இடத்தையும் பாருங்கள். மக்காவினரோடு ஹுதைபிய்யா உடன்படிக்கை ஆன பிறகு, நபி (ஸல்) மன்னர்களுக்குத் தூதர்களை அனுப்பப்போகிறார்கள். தோழர்களைக் கூட்டி, "ஹவாரிய்யூன்கள் ஈஸாவிடம் மாறுபட்டது போல் நீங்கள் என்னிடம் மாறுபடாதீர்கள்" என்கிறார்கள். எப்படி மாறுபட்டார்கள் என்று தோழர்கள் கேட்கிறார்கள். அருகே அனுப்பப்பட்டவர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். தொலைவுக்கு அனுப்பப்பட்டவர் முகம் சுளித்துத் தயங்கினார். ஈஸா இறைவனிடம் முறையிட்டார். மறுநாள் காலையில், தயங்கிய ஒவ்வொருவரும் தாம் போகவேண்டிய நாட்டின் மொழியைப் பேசிக்கொண்டு எழுந்தார்கள்.

பிறகு பட்டியல். புத்ருஸ் (பேதுரு) ரோமாபுரிக்கு, அவரோடு பூலுஸும் (பவுல்). பூலுஸ் பின்பற்றியவர்களில் ஒருவர், ஹவாரிய்யூன்களில் ஒருவர் அல்லர் என்று குறிப்பு. அந்தராயிஸும் மன்தாவும் மனிதரைத் தின்னும் மனிதர்களின் நாட்டுக்கு. தூமாஸ் கிழக்கே பாபிலுக்கு. ஃபீலிபுஸ் கார்த்தேஜுக்கு. யுஹன்னஸ், குகைத் தோழர்களின் ஊரான எஃபேசுக்கு. யஅகூபுஸ் ஜெருசலேமுக்கு. இப்னு தல்மா ஹிஜாஸுக்கு! ஸீமுன் பர்பர் நாட்டுக்கு. கடைசியாக யஹூதா, அவர் ஹவாரிய்யூன்களில் ஒருவராக இல்லாதவர், காட்டிக்கொடுத்த யூதஸின் இடத்தில் வைக்கப்பட்டவர்.

நூலகப்பூனை:

பூலுஸைப் பற்றி ஒரு வசைச் சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? மார்க்கத்தைக் கெடுக்க வந்த சூழ்ச்சிக்காரர் என்ற கதை வேறு அறிவிப்பாளர்களிடமிருந்து வந்து பிறகு ஓங்கியது. இப்னு இஸ்ஹாக்கின் பட்டியலில் அவர் சும்மா புத்ருஸோடு வழித்துணையாக நடக்கிறார்.

கலிலேயாக்கரை:

மொழி தெரிந்து எழுவது, சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய எங்கள் பெந்தெகொஸ்தே நாள். ஆனால் எங்களுக்கு அது அபிஷேகம். உங்களுக்கு அது சாக்குப்போக்குக்கு வைத்த ஆப்பு! "அந்த ஊர்ப் பேச்சு தெரியாதே" என்று இனிச் சொல்ல முடியாது. இந்த வடிவத்தில் இருக்கும் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

கூஃபா_எழுத்து:

நன்றாகப் பிடித்தீர்கள், அக்கா.

யாஸீன் வழக்கையும் முடித்துவிடுகிறேன். 13ஆம் வசனம் முதல் ஓர் ஊருக்கு மூன்று தூதர்கள் போகிறார்கள். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தாக்கியா, போனவர்கள் ஈஸா நபி அனுப்பிய சீடர்கள் என்று பல விரிவுரையாளர்கள் எழுதினார்கள். ஊரின் கோடியிலிருந்து ஓடிவந்து அவர்களுக்காகப் பேசியவருக்கு ஹபீபுன் நஜ்ஜார் என்று பெயர் வைத்தார்கள். அவர் பெயரால் அந்தாக்கியாவில் நின்ற பழைய பள்ளிவாசல் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்துபோனது. இப்னு கஸீர் இந்த அடையாளத்தை ஏற்கவில்லை. ஈஸா நபியை முதலில் ஏற்ற நகரங்களில் ஒன்று அந்தாக்கியா. யாஸீன் சொல்லும் ஊரோ ஒரே முழக்கத்தில் அழிந்தது. எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார். பதில் சொல்வது கடினம்.

பச்சைத்தோரணம்:

மரவை கடைசியில் இறங்கியதா இல்லையா?

கூஃபா_எழுத்து:

நல்ல கேள்வி, வசனத்தில் நேரடிப் பதில் கிடையாது. "இறக்குவேன்; அதன்பின் மறுப்பவரை உலகில் யாருக்கும் தராத வேதனையால் தண்டிப்பேன்" என்பதோடு அந்தக் காட்சி நின்றுவிடுகிறது. அந்த நிபந்தனையைக் கேட்டதும் "வேண்டாம்" என்று பின்வாங்கிவிட்டார்கள், எதுவும் இறங்கவில்லை என்று தொடக்ககால விரிவுரையாளர்களான ஹஸன் பஸரீயும் முஜாஹிதும் சொன்னார்கள். பெரும்பாலோர் இறங்கியது என்கிறார்கள். இறைவன் "இறக்குவேன்" என்று சொன்ன பிறகு இறங்காமல் இருக்குமா என்பது தபரீயின் வாதம்.

என்ன இருந்தது என்பதில்தான் விருந்து. இப்னு அப்பாஸ் (ரலி) வழி வந்த ஓர் அறிவிப்பில், முப்பது நாள் நோன்பு வைத்தபின் கேட்கச் சொல்கிறார் ஈஸா. வானவர்கள் ஏழு மீனும் ஏழு ரொட்டியும் கொண்டுவருகிறார்கள். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) பெயரில் வரும் நீண்ட அறிவிப்பில் இரண்டு மேகங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு விரிப்பு இறங்குகிறது. ஈஸா அழுகிறார். மூடியிருந்த துணியை விலக்கினால், கொழுப்பு வழியும் சுட்ட மீன் ஒன்று. தலைப்பக்கமும் வால்பக்கமும் உப்பும் காடியும். சுற்றிலும் எல்லா வகைக் கீரையும், லீக்ஸ் எனும் பூண்டு வகையைத் தவிர. ஐந்து ரொட்டி. "இது இவ்வுலக உணவா, மறுவுலக உணவா" என்று ஷம்ஊன் கேட்கிறார். இரண்டும் இல்லை, 'ஆகு' என்றதும் ஆனது என்கிறார் ஈஸா. இப்னு கஸீர் இதை முழுக்க எடுத்தெழுதிவிட்டு, மிக அரிதான அறிவிப்பு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவைக்கிறார்.

திர்மிதீயின் நபிமொழித் தொகுப்பில் அம்மார் இப்னு யாசிர் (ரலி) வழியாக வருவது சுருக்கமானது: ரொட்டியும் இறைச்சியும் இறங்கின, மோசம் செய்யாதீர்கள், நாளைக்கென்று எடுத்துவைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டது, எடுத்துவைத்தார்கள், குரங்குகளாகவும் பன்றிகளாகவும் உருமாற்றப்பட்டார்கள். இது நபிமொழி அல்ல, அம்மாரின் சொல் என்பதே சரி என்று திர்மிதீ குறிப்பும் எழுதியிருக்கிறார்.

கலிலேயாக்கரை:

ஐந்து ரொட்டி ஒன்றில், ஏழு ரொட்டி இன்னொன்றில். சுவிசேஷத்திலும் ஐந்து அப்பத்தால் ஐயாயிரம் பேருக்கு ஒரு முறை, ஏழு அப்பத்தால் நாலாயிரம் பேருக்கு ஒரு முறை. எண்கள் வழி தவறாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. மறுநாளுக்கு எடுத்துவைத்துக் கெட்டது மன்னாவின் கதை, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த அப்பம்.

மலர்ச்சுனை:

ஓர் ஐயம். ஹவாரிய்யூன்களின் இறுதி என்ன? ஈஸா நபி உயர்த்தப்பட்ட இரவில் அவர்கள் கூட இருந்தார்களா?

கூஃபா_எழுத்து:

இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக இப்னு கஸீர் தரும் அறிவிப்பில் இருந்தார்கள். அறிவிப்பாளர் தொடர் சரியானது என்றும் அவர் சொல்கிறார். ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர். ஈஸா தலையில் நீர் சொட்டச் சொட்ட உள்ளே வருகிறார். "உங்களில் ஒருவர், என்னை நம்பிய பிறகு பன்னிரண்டு முறை என்னை மறுப்பார்" என்கிறார். பிறகு கேட்கிறார்: "என் தோற்றம் யார்மீது இடப்பட்டு, என் இடத்தில் யார் கொல்லப்படுவார்? அவர் என் படித்தரத்தில் என்னோடு இருப்பார்." வயதில் எல்லாரிலும் சிறிய ஓர் இளைஞர் எழுகிறார். "உட்கார்" என்கிறார் ஈஸா. மறுபடி கேட்கிறார். அவரே எழுகிறார். "உட்கார்." மூன்றாம் முறையும் அவரே: "நான்." "அப்படியானால் நீதான்." கூரையின் திறப்பு வழியாக ஈஸா உயர்த்தப்படுகிறார்.

இதற்கு நேர்மாறாக, காட்டிக்கொடுத்த யூதஸ்மீதே தோற்றம் விழுந்தது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. தானாக முன்வந்தவருக்கு ஸர்ஜிஸ் என்று பெயர் சொல்வதும் உண்டு. குர்ஆன் சொல்வதோ "அவர்களுக்கு அவ்வாறு தோற்றமளிக்கப்பட்டது" என்பது மட்டும் (4:157).

தேடல்பாதை:

இந்த இளைஞர் காட்சியைப் படித்ததும் புகாரீயின் நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒன்று நினைவுக்கு வந்தது. அகழ்ப் போரின்போது, எதிரிகளின் செய்தியை எனக்கு யார் கொண்டுவருவார் என்று நபி (ஸல்) கேட்கிறார்கள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) "நான்" என்கிறார். மறுபடி கேட்கிறார்கள். ஸுபைர். மீண்டும் கேட்கிறார்கள். ஸுபைர்தான். அப்போது சொன்னதுதான்: "ஒவ்வொரு நபிக்கும் ஒரு ஹவாரீ உண்டு, என் ஹவாரீ ஸுபைர்." அங்கும் மூன்று முறை. ஆலு இம்ரானிலும் ஈஸா நபி 'யார்' என்றுதான் தொடங்குகிறார்: "அல்லாஹ்வின் பாதையில் எனக்கு உதவுபவர்கள் யார்?" வெள்ளாடை, வெளுப்புத் தொழில், கீஸ் மொழி எல்லாம் இருக்கட்டும், அந்தச் சொல்லைக் காதால் கேட்ட மதீனாக்காரருக்கு, 'யார்' என்று கேட்டதும் எழுந்து நிற்பவர் என்றுதான் பட்டிருக்கும்.

கூஃபா_எழுத்து:

மதீனாக்காரருக்கு இன்னும் நேரடியாகவே பட்டிருக்கும். ஹவாரிய்யூன்கள் "நாங்கள் அன்ஸாருல்லாஹ் (அல்லாஹ்வின் உதவியாளர்கள்)" என்கிறார்கள். மதீனாக்காரர்களுக்கே அன்ஸார் என்றுதானே பெயர்? 622இல் இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களிலிருந்து பன்னிரண்டு பொறுப்பாளர்களைக் கேட்டார்கள்: கஸ்ரஜ் குலத்திலிருந்து ஒன்பது, அவ்ஸ் குலத்திலிருந்து மூன்று. "மர்யமின் மகன் ஈஸாவுக்கு ஹவாரிய்யூன்கள் பொறுப்பேற்றது போல் நீங்கள் உங்கள் மக்களுக்குப் பொறுப்பு" என்றார்கள். பச்சைத்தோரணம் தேடிய பன்னிரண்டு அங்கே இருக்கிறது.

பச்சைத்தோரணம்:

கடைசியில் நான் சொன்ன எண்ணாவது தேறியது!

நூலகப்பூனை:

அழகாகத்தான் பொருத்தினீர்கள், தேடல்பாதை. ஆனால் நீங்கள் தொடங்கிய இடம் அப்படியே இருக்கிறது. எழுந்து நிற்பவர்கள் ஏன் "முடியுமா" என்று கேட்டார்கள்?

தேடல்பாதை:

இருக்கிறது. அதைச் சுற்றித்தான் நானும் வருகிறேன். இன்று இன்னொன்று கண்ணில் பட்டது. குர்ஆனில் அவர்கள் வாய் திறக்கும் மற்ற இடங்களிலெல்லாம் பதில்தான் சொல்கிறார்கள். கேள்வி அவர்களுடையது அல்ல. அவர்களாகக் கேட்டது இந்த ஒரே ஒரு முறைதான். கேட்டதும் உணவு.

கூஃபா_எழுத்து:

மாயிதாவின் அந்தப் பகுதியே கேள்விகளால் ஆனது. 109இல் தூதர்களையெல்லாம் ஒன்றுகூட்டி, "உங்களுக்கு என்ன பதில் அளிக்கப்பட்டது" என்று கேட்கப்படுகிறது. "எங்களுக்கு எந்த அறிவும் இல்லை" என்கிறார்கள். அதற்குள்தான் உங்கள் 112 இருக்கிறது. மூன்று நாள் போதும். 116க்குப் போங்கள். அங்கே ஈஸா நபியிடம் கேட்பது சீடர்கள் அல்லர்.